நாற்காலி பின்னுக்குப் போன தூரம்

எங்கள் வீட்டுத் தரையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிய தடங்கள் இன்னும் இருக்கின்றன. டேப்பை உரித்தாயிற்று, பசை போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறாள் மகள். தேய்க்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஹாலில் இரண்டு, சமையலறையில் இரண்டு, பின்வாசல் படியில் ஒன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் பார்த்த இடம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் அளவு பார்க்கும் வேலை செய்தவன். கடைந்து வருகிற பாகத்தை அளப்பேன், மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தூக்கித் தொட்டியில் போடுவேன். கடைந்தவன் கெஞ்சினாலும் போடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் இன்ச் டேப் இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. என் மனைவி துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். சட்டையைப் புரட்டிப் பார்த்துத் தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அளக்கிறவனுக்கும் குறை கண்டுபிடிக்கிறவளுக்கும் முடிச்சுப் போட்டால் வீடு விளங்கினாற்போல்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவள் என் மாமன் மகள். சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்றவில்லை.

முதலில் இருட்டுதான் அவளுக்குப் பகையானது. வேலை முடிந்து திருநின்றவூரில் ரயிலை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தால் என் சட்டை முனையைப் பிடித்துக்கொள்வாள். இத்தனை வயதில் இது என்ன கொஞ்சல் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பிறகு பகலிலேயே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். ஒரு நாள் ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் காலை விட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அதோடு வேலையை விட்டாள்.

கண் டாக்டர் ஒரு பெண். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஆமாம், என் மாமன் மகள் என்றேன். "உங்க கல்யாணத்தைக் கேக்கல. இவங்க அம்மா அப்பா?" என்றார். என் மாமியார் என் மாமனாருடைய கூடப்பிறந்த அக்காவின் பெண், தாய்மாமனுக்கே கழுத்தை நீட்டியவள். எங்கள் பக்கத்தில் அது குறையல்ல, உரிமை. டாக்டர் கையை மடக்கிக் குழலாக்கித் தன் கண்ணில் வைத்துக் காட்டினார். "இப்படி ஓரத்துலேந்து மூடிக்கிட்டே வரும். நடுவுல உள்ளது கடைசியாத்தான் போகும். இதுக்கு மருந்து இல்லைங்க." எங்கள் மகளின் கண்ணையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் சொன்னது முழுக்க என் காதில் விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை. மருந்து இல்லை என்றால் நாம் என்ன செய்யலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். கோளாறு என்றால் சரிசெய்ய ஒரு வழி இருக்க வேண்டும் என்பது பட்டறைக்காரன் புத்தி.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை ஞாயிற்றுக்கிழமைப் படம். கோயில் குளம், கடை கண்ணி எதற்கும் அவள் அலைந்ததில்லை. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் ஒரு படம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அழவில்லை, புலம்பவில்லை. "மத்ததெல்லாம் போனா போவுது மாமா. படத்துல மொகம் தெரிஞ்சா போதும் எனுக்கு" என்றாள். அதைக் காப்பாற்றித் தருவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

டிவியில் படம் பார்க்கும்போது யார் வந்தது, யார் போனது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கண் சரியில்லாத பிள்ளையை முதல் பெஞ்சில் உட்காரவைப்பதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம்? நாற்காலியை டிவிக்கு முன்னால் மூன்றடியில் போட்டேன். அப்போதும் கேட்டாள். அப்படியானால் டிவிதான் சின்னது என்று முடிவுகட்டினேன். அதைத் தூக்கி நெமிலிச்சேரியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு புரொஜெக்டர் வாங்கினேன்.

அதை மாட்ட மருமகன் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தார். கோபிப் பக்கத்துப் பிள்ளை, ஐடி வேலை. அவருக்கும் நான் மாமா; வீட்டில் நின்றவர் நடந்தவருக்கெல்லாம் நான் மாமாதான். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. வாசல் பக்கவாட்டுச் சந்தில் திறக்கும். தெருப்பக்கச் சுவரில் ஜன்னல் கூடாது என்று வாஸ்துக்காரர் சொன்னதால் அது வெறும் சுவர். அதிலிருந்து பன்னிரண்டடி ஹால், அதற்குப் பின்னால் எட்டடி சமையலறை, பிறகு பின்வாசல், துவைக்கிற கல், காம்பவுண்டுச் சுவர். எல்லாம் ஒரே நேர்கோடு. சமையலறை நிலைக்கு மேலே பலகை அடித்து மிஷினை வைத்தார் மருமகன். எதிர்ச் சுவரில் ஆறடி அகலத்துக்குப் படம் விழுந்தது.

"படத்தோட அகலத்துல ஒன்றரைப் பங்கு தள்ளி உக்காந்தா சரியா இருக்குமுங்க மாமா. ஒம்பதடி" என்றார்.

"அது கண்ணு நல்லா கீறவங்களுக்கு மாப்ள" என்றேன். இன்ச் டேப்பை எடுத்துச் சுவரிலிருந்து ஐந்தரை அடி அளந்து, தரையில் சிவப்பு டேப் ஒட்டி, அவள் நாற்காலியின் முன்காலை அதில் நிறுத்தினேன். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவர் பேச்சு என்று விட்டுவிட்டார்.

புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும். ஞாயிறு மதியம் சந்துப் பக்க ஜன்னல்களில் போர்வை கட்டினேன். கதவிடுக்கில் சாக்கை நுழைத்தேன். இருட்டில் கண் தெரியாத ஒருத்தியை உட்காரவைக்க ஒரு வீட்டையே இருட்டாக்கினேன். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. கையைப் பிடித்து நாற்காலியில் கொண்டுபோய் விடுவேன். படம் விழுந்ததும் "அம்மாடி, எம்மாம் பெருசு!" என்றாள். அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு பின்னால் நின்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஐந்து மாதம் அப்படி ஓடியது. யார் வந்தது என்று அவள் கேட்பது நின்றுபோனது. பார்த்தாயா, பெரிய படம் என்றால் தெரிகிறது என்று மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். சிரிப்புக் காட்சி வந்தால் சிரிப்பாள். ஆனால் நான் சிரித்து முடிக்கிறபோதுதான் அவள் தொடங்குவாள். இரண்டரை மணி நேரமும் தண்ணீருக்கும் எழ மாட்டாள், பாத்ரூமுக்கும் எழ மாட்டாள். படத்தில் அவ்வளவு ஒன்றிப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆயிரக்கணக்கான பாகங்களில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடித்தவனுக்கு இது ஒன்று தெரியவில்லை.

தெரிந்தது ஒரு மதியம், டீ போடும்போது. படத்தை ஓடவிட்டு அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பால் பொங்கக் காத்திருந்தவள் அடுப்போரம் நின்றபடியே ஹால் பக்கம் திரும்பியிருக்கிறாள். படத்தில் ஒருவன் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான், பின்பக்கமாக ஓர் ஆடு வந்து அவன் வேட்டியைத் தின்கிறது. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, நானும் சிரிக்கவில்லை. அவள் பகபகவென்று சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். பால் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னாமே, இங்கேந்து தெரிதா ஒனுக்கு?"

"தெரிது மாமா. ஆளு முழுசா தெரிது. தல, காலு, ரெண்டும் ஒண்ணா தெரிது."

"அப்போ அங்க மின்னாடி குந்திகினு இருந்தப்போ?"

கொஞ்ச நேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மூக்கு தெரியும். இல்லாங்காட்டி ஒரு பட்டன் தெரியும். தலய ஆட்டி ஆட்டிப் பாத்து ஒட்டவெச்சிக்குவேன். நீ டேப்ப வெச்சிகினு அம்மாம் ஆசையா அளந்தியா... அத்தப் போயி இன்னான்னு சொல்றது?"

டாக்டர் கையை மடக்கிக் காட்டிய குழல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கதவுச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கிறவளுக்கு முன்னால் யானையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறேன். சின்ன டிவியை எட்டடி தள்ளி வைத்திருந்தாலே அவளுக்கு முழுப் படமும் கிடைத்திருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வெட்கம் தாங்காமல் சந்தில் போய் நின்று அழுதேன். ஐந்து மாத ஞாயிறுகளை நான் வீணடித்திருந்தேன், அவளிடம் இருந்ததே எண்ணி எடுக்கிற ஞாயிறுகள்தான்.

அன்றைக்கே நாற்காலி சமையலறைக்குப் போனது. சிலிண்டருக்கும் கிரைண்டருக்கும் நடுவில் பதினைந்தடியில் இரண்டாவது டேப். சமையலறை விளக்கு எரியலாம், அவள் எழுந்து நடமாடலாம். நிலை வழியாகத்தான் அவள் பார்க்க வேண்டும் என்பதால் நான் ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும் மறைத்தது. "மாமா, தல" என்பாள். கம்பெனியில் தையல் விட்ட சட்டையைத் தூக்கிப்போடும்போது சொல்கிற தோரணையில், இரண்டே வார்த்தை. நான் நகர்ந்து நகர்ந்து கடைசியில் மூலையில் சுவரோடு சாய்ந்து கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்கப் பழகினேன். தோளில் வலி பிடித்துக்கொண்டது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு நல்ல காலம். செக்கிங்காரிக்குத் தொழில் திரும்ப வந்துவிட்டது. "மாமா, அந்தப் பொண்ணு ரவிக்கைல கைத்தையல் பிரிஞ்சிகினு கீது பாரேன்" என்பாள். நிறுத்திப் பார்த்தால் பிரிந்துதான் இருக்கும்.

பிறகு ஒரு ஞாயிறு, "மாமா, கால காணோம்" என்றாள்.

படத்தில் நின்றவர்களின் கால். நாற்காலியை மூன்றடி பின்னால் இழுத்தேன். கால் வந்தது. பதினெட்டடியில் மூன்றாவது டேப். ஆறு வாரம்கூட நிற்கவில்லை, பின்வாசல் படிக்குப் போனோம். அதற்குப் பிறகு டேப் ஒட்ட இடமில்லை, துவைக்கிற கல்தான். இருபத்தாறு அடி. கல்லின் மேல் தலையணை போட்டு அவளை உட்காரவைத்தேன். அங்கேயிருந்து பார்த்தால் பின்வாசல், சமையலறை, ஹால் என்று நிலைக்குள் நிலை தெரியும், கடைசியில் படம்.

பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்த வந்தவள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஊட்டுக்குள்ள படம் ஓடுது, நீ தொவைக்கிற கல்லுல குந்திகினு கீற? அண்ணன் தொரத்திட்டாரா?"

"ஆமாமே. பால்கனி டிக்கெட்டுனு சொல்லி இங்க குந்த வெச்சிட்டாரு" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

மகள் அப்போதே போனில் சொன்னாள். "ஏம்ப்பா அம்மாவ வெயில்ல ஒக்கார வெக்கிற? மிஷின செவுத்துக்குக் கிட்ட வெச்சா படம் சின்னதாவும். அம்மா உள்ளயே ஒக்காந்து பாக்கலாமில்ல?" எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் பெரிய படம் காட்டுகிறேன் என்று டிவியைத் தூக்கிக் கொடுத்தவன் நான். படத்தைச் சுருக்கினால் நாலு திருகு முடுக்கி மாட்டிய பலகை மட்டுமா கழன்று வரும்? நாற்காலி பின்னால் போகிறவரைக்கும் இன்னும் இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது என்பதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு குடை பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். சாரலில் அவள் முகம் நனைந்தது. நனைந்த முகத்தோடு அசையாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும் மாமா, ஒனுக்குச் சளி புடிச்சிக்கும்" என்று அவள்தான் எழுந்தாள். மறுநாள் பலகையைக் கழற்றினேன்.

மிஷின் சுவருக்குக் கிட்டே போட்ட ஸ்டூலுக்கு இறங்கியது. சுவரில் விழுந்த படத்தை அளந்தேன். தங்கை வீட்டுக்குக் கொடுத்த டிவியின் அகலத்துக்கு அரை இஞ்சு குறைவு. நாற்காலியை ஒன்பதடியில் போட்டேன், மருமகன் முதல் நாள் சொன்ன அதே ஒன்பதடி. ஹாலில் இருக்கிற இரண்டாவது டேப் அதுதான். அவளுக்கு ஆள் முழுசாகத் தெரிந்தது, தலையும் காலும். நான் பழையபடி மூலையில் கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறந்துபோய்த் தரையில் நடுவே காலை நீட்டிச் சாய்ந்தால், "மாமா, தல."

அதற்குப் பிறகு நாற்காலி நகரவில்லை, படம்தான் நகர்ந்தது. மிஷினிலேயே படத்தைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. மாதம் ஒரு தடவை சுருக்கினேன். ஒரு தடவை வந்திருந்த மகள், சுவரில் நாள்காட்டி அட்டை அளவுக்கு ஓடிக்கொண்டிருந்த படத்தையும் அதற்கெதிரே சாமி பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். உறவில் ஒருவர் அந்தச் சமயம் பேச்சுவாக்கில் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வேறு எதற்கோ சொன்னார். அவரோடு இன்றுவரை எனக்குப் பேச்சு இல்லை. அவர் மேல் தப்பில்லை என்று தெரியும், இருந்தாலும் பேச மாட்டேன்.

அந்த நாள்காட்டி அளவுக்குக் கீழே மிஷினில் படம் சுருங்காது. பொத்தானை அழுத்திப் பார்த்தேன், அங்கேயே நின்றது. அவளிடம் சொல்லவில்லை. தைப் பிறப்பு வரைக்கும் அவள் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தாள். இவன் மூக்குத்தி போட்ட பெண்ணைப் பார்க்கிறான், அவள் காதில் இருப்பது கவரிங் என்று. பிறகு தையலைப் பற்றிப் பேச்சு வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள் என்கிற பயம் எனக்கு இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு. ஜன்னலில் போர்வை கட்டினேன், அவளைக் கைப்பிடித்து ஒன்பதடியில் உட்காரவைத்தேன், அவள் பலமுறை பார்த்த ஒரு பழைய குடும்பப் படத்தைப் போட்டேன். மூலைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்தேன். தோள் வலியில் என்னை அறியாமல் முனகியிருப்பேன் போலிருக்கிறது.

"மாமா."

"இன்னாமே?"

"எதுக்கு அந்த மூலைல கழுத்த சாச்சிகினு குந்திகினு கீற? எழுந்து வா. என் மின்னாடி, நேரா செவுத்தப் பாத்து உக்காரு. என் முட்டில முதுக சாச்சிக்கோ."

"மறைக்குமேமே."

படத்தில் யாரோ கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் சுவர்ப் பக்கம்தான் இருந்தது, சிரித்த முகமாகத்தான் இருந்தது.

"மறைக்காது மாமா. வா" என்றாள்.

எனக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்டூலை இடிக்காமல் அவள் காலடிக்கு வந்து உட்கார்ந்தேன், முதுகை முட்டியில் சாய்த்தேன். அவள் என் வலிக்கிற தோளைத் தேடிப் பிடித்து அமுக்கிவிட்டாள். சரியாக அவளுக்கும் படத்துக்கும் நடுவில் இருந்தது என் தலை. அவள் அதைத் தள்ளவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. படம் முடியும்வரை நகராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், "மாமா, தல" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாளா என்று.